இருபது லிட்டரின் கணக்கு

(ஜமாஅத் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வணிகத்தில் நேர்மை என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். இத்தலைப்பில் பொதுவாகப் பேசுவது எளிது. நேர்மை நல்லது என்று நான் சொல்வேன். ஆம் என்று நீங்கள் தலையசைப்பீர்கள். இரு தரப்பாரும் மனநிறைவோடு வீடு திரும்புவோம். அப்படிப் பேசிக் கலைவதில் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. எனவே உலகில் ஒரே ஒரு நாட்டையும், அங்கே விற்கப்படும் ஒரே ஒரு பொருளையும் எடுத்துக்கொண்டு, அளவு என்பது எவ்வாறு காக்கப்படுகிறது, எவ்வாறு களவாடப்படுகிறது என்று சற்று நுணுகிப் பார்க்க விழைகின்றேன். நாடு மெக்சிகோ. பொருள் பெட்ரோல்.

பெட்ரோலை ஏன் தேர்ந்தேன் என்று கேட்பீர்கள். அரிசியைப் படியில் அளந்தால் தலை தட்டியதா, கூம்பாக நிற்கிறதா என்று வாங்குபவர் கண்ணாலே காண்கிறார். துணியை முழம் போட்டால் விற்பவரின் கை எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும். தராசின் முள் எல்லோருக்கும் பொதுவாக ஆடுகிறது. பெட்ரோலோ ஒரு கறுப்புக் குழாயின் வழியே வந்து, வண்டியின் இருண்ட வயிற்றுக்குள் போய்விடுகிறது. வாங்கியவர் அப்பொருளைக் காண்பதே இல்லை. அவர் காண்பது எண்களை மட்டுமே. எண்ணைக் காட்டுபவரும் பொருளைக் கொடுப்பவரும் ஒருவரே. அளவையின் வரலாற்றில் வாங்குபவர் இந்த அளவுக்குக் கண்கட்டப்பட்ட நிலையில் நின்றது அரிது.

மெக்சிகோவில் எண்ணெய்த் தொழில் 1938ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அதிபர் லாசரோ கார்தெனாஸ் அவர்களால் நாட்டுடைமையாக்கப்பட்டது. அதன்பின் பெமெக்ஸ் என்னும் அரசு நிறுவனமே எண்ணெயைத் தோண்டியது, சுத்திகரித்தது, விற்றது. பல பத்தாண்டுகள் நாடெங்கும் பெட்ரோல் பங்குகள் யாவும் பெமெக்ஸின் பெயரைத்தான் தாங்கி நின்றன. ஆனால் பங்கை நடத்தியவர்கள் பெரும்பாலும் தனியார். 2013 டிசம்பரில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2016 முதல் வேறு நிறுவனங்களின் பெயர்ப் பலகைகளும் சாலையோரம் தோன்றின. விலையை அதுவரை அரசே நிர்ணயித்து வந்தது. 2017இல் படிப்படியாக அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் விலை ஒரேயடியாக இருபது விழுக்காடு வரை உயர்ந்தபோது மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். அந்த விலையேற்றத்தை அந்நாட்டார் இன்றும் 'கசொலினாசோ' என்று கசப்போடு நினைவுகூர்கின்றனர்.

இந்த வரலாற்றில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எல்லாப் பங்கிலும் ஒரே விலை என்று அரசு விதித்திருந்த காலத்தில், கூடுதல் ஆதாயம் தேடிய உரிமையாளர் விலையில் கை வைக்க இயலாது. அவர் கை வைக்கக் கூடிய இடம் லிட்டர் ஒன்றுதான். விலை விடுவிக்கப்பட்ட பிறகோ வேறொரு வாசல் திறந்தது. வெளியே பலகையில் குறைந்த விலையை எழுதி வாடிக்கையாளரை உள்ளே அழைத்து, உள்ளே லிட்டரைக் குறைத்துக் கொடுத்தால் மலிவு என்பதே ஒரு தூண்டிலாகிவிடும். ஆகவே விலையைக் கண்காணிப்பதும் அளவைக் கண்காணிப்பதும் இரு வேறு வேலைகள் அல்ல. அளவு உறுதியில்லாத இடத்தில் விலைக்குப் பொருளே இல்லை.

மெக்சிகோவில் வண்டி ஓட்டுபவர் தாமே இறங்கிப் பெட்ரோல் பிடிப்பது பெரும்பாலும் வழக்கமில்லை. ஊழியர் ஒருவர் வந்து பிடிப்பார். பிடிக்குமுன் மீட்டர் பூச்சியத்தில் நிற்கிறது என்று காட்டுவது முறை. வாடிக்கையாளர் பலரும் லிட்டர் கணக்கில் கேட்பதில்லை. "இருநூறு பெசோவுக்கு" என்பார்கள், அல்லது "நிரப்புங்கள்" என்பார்கள். ஊழியர்களில் பலர் வாடிக்கையாளர் கொடுக்கும் அன்பளிப்புக் காசை நம்பியே வாழ்கின்றனர். பெட்ரோல் குறைந்தது என்று சினந்த வாடிக்கையாளரின் கோபம் முதலில் விழுவது இந்த எளிய மனிதர் மீதுதான். இயந்திரத்தின் உள்ளே என்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்பது பல வேளைகளில் அவருக்கே தெரியாது. இதையும் நாம் நினைவில் நிறுத்தல் வேண்டும்.

எத்துணை இழப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவர் நாள்தோறும் 20 லிட்டர் வாங்குவதாகக் கொள்வோம். 2025ஆம் ஆண்டு அந்நாட்டு அரசும் பங்கு உரிமையாளர்களும் செய்துகொண்ட இணக்கத்தின்படி சாதாரணப் பெட்ரோலின் விலை லிட்டருக்கு 24 பெசோவைத் தாண்டலாகாது என்று வைக்கப்பட்டது. அந்த விலையையே எடுத்துக்கொள்வோம். அளவில் ஐந்து விழுக்காடு குறைத்தால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர், அதாவது 24 பெசோ. மாதம் 26 நாள் ஓட்டினால் 624 பெசோ. ஓராண்டில் 7,488 பெசோ. அதே 2025இல் மெக்சிகோவின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கான குறைந்தபட்சக் கூலி 278 பெசோ 80 சென்டாவோ. ஆக, ஏறத்தாழ 27 நாள் கூலி! ஒரு தொழிலாளியின் ஒரு மாத உழைப்பை அவரிடமிருந்து எடுத்தாகிவிட்டது. அவர் சட்டைப் பையில் யாரும் கை விடவில்லை. அவருக்கு வலிக்கவும் இல்லை. வண்டி சரியாக எண்ணெய் கொடுக்கவில்லையே என்று மெக்கானிக்கிடம் போய் மேலும் செலவழித்திருப்பார், பாவம்.

இனி, அந்த இயந்திரத்தின் உட்புறத்தைக் காண்போம். நிலத்தடித் தொட்டியிலிருந்து மேலே வரும் பெட்ரோல் ஓர் அளவுமானியினுள் நுழைகிறது. அதனுள் சிறு உருளைகளும் உந்துதண்டுகளும் உள்ளன. ஒவ்வொரு முறை உருளை நிறைந்து காலியாகும்போதும் குறிப்பிட்ட அளவு பெட்ரோல் கடந்து செல்கிறது. அச்சு ஒன்று சுழல்கிறது. அச்சின் சுழற்சியை மின் துடிப்புகளாக மாற்றும் ஒரு கருவி உண்டு. மின்னணுப் பலகை அத்துடிப்புகளை எண்ணி, லிட்டராக மாற்றி, விலையால் பெருக்கி, நாம் காணும் எண்களாகக் காட்டுகிறது. ஆகவே ஏமாற்ற விரும்புவோருக்கு மூன்று இடங்கள் கிடைக்கின்றன. அளவுமானியைச் சீர்செய்யும் திருகை நகர்த்தலாம்; இது பழைய வழி. ஈய முத்திரையை உடைத்தால்தான் திருகைத் தொட முடியும் என்பதால் அகப்பட்டுக்கொள்ளும் அபாயம் அதிகம். துடிப்புகளைக் கூட்டிக் காட்டும் சிறு மின்பலகையை நடுவே பொருத்தலாம். மூன்றாவதாக, எண்ணும் நிரலையே மாற்றிவிடலாம். அதற்கு எந்த முத்திரையும் உடைய வேண்டியதில்லை.

எல்லாக் குறைவும் வஞ்சகத்தால் விளைவதில்லை என்பதையும் நீதியோடு சொல்லியாக வேண்டும். உருளைகள் தேயும். அடைப்பிதழ்கள் கசியும். தேய்ந்த அளவுமானி பல வேளைகளில் வாங்குபவருக்குக் கூடுதலாகவே கொடுக்கும். உரிமையாளர் அதை விரைவாகக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவார்! குறைவாகக் கொடுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஏனோ நாளாகிறது.

இவற்றைச் சோதிக்கும் பொறுப்பு, 1976இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புக்கான கூட்டாட்சி வழக்கறிஞர் அலுவலகத்தைச் சார்ந்தது. மக்கள் சுருக்கமாக 'புரோஃபெகோ' என்கின்றனர். அதன் ஆய்வாளர்கள் கையோடு கொண்டுவரும் முதன்மையான கருவி கணினி அன்று. 20 லிட்டர் கொள்ளும் ஓர் உலோகக் கலம்! அடியில் அகன்றும் மேலே குறுகிய கழுத்தோடும் அது அமைந்திருக்கும். கழுத்தில் கண்ணாடிச் சாளரமும் அதன் அருகே மில்லி லிட்டர் கோடுகளும் இருக்கும். கழுத்தை ஏன் குறுக்கினார்கள்? அகன்ற வாயில் நூறு மில்லி லிட்டர் என்பது ஒரு மெல்லிய படலமாகத்தான் தெரியும். குறுகிய கழுத்திலோ அதே நூறு மில்லி லிட்டர் பல கோடுகள் ஏறி இறங்கும். சிறிய பிழையைப் பெரிதாகக் காட்டும் எளிய அறிவு.

சோதனை நடக்கும் முறையும் அழகானது. முதலில் கலத்தைப் பெட்ரோலால் நிரப்பிக் காலி செய்வர். உலர்ந்த சுவரில் ஒட்டிக்கொள்ளும் பெட்ரோல் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் கலத்தை நனைத்துக்கொள்கின்றனர். வடியவிடுவதற்கும் ஒரு கால அளவு உண்டு. அவசரப்பட்டால் கணக்குத் தப்பும். பிறகு கலத்தைச் சமதளத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து, பம்பு 20 லிட்டர் என்று காட்டும் வரை நிரப்பிக் கழுத்தில் உள்ள கோட்டைப் படிக்கின்றனர். ஒருமுறை செய்தால் போதாது. குழாயை முழுமையாகத் திறந்தும், குறைத்துத் திறந்தும் வெவ்வேறு வேகங்களில் செய்கின்றனர். வேகமாக ஓடும்போது சரியாகவும் மெதுவாக ஓடும்போது பிழையாகவும் காட்டும் இயந்திரங்கள் உண்டு. ஒரு பங்கில் எத்தனை குழாய்கள் உள்ளனவோ அத்தனைக்கும் தனித்தனியே சோதனை. பிழை கண்ட குழாயை முத்திரையிட்டு முடக்கிவிடுவர். அதைச் சரிசெய்து மீண்டும் சோதனையில் தேறும்வரை அக்குழாயில் ஒரு சொட்டும் விற்கலாகாது.

அந்தக் கலம் சரியானது என்பதற்கு யார் சான்று என்ற கேள்வி உடனே எழுமல்லவா? கலத்தை அதைவிட நுட்பமான வேறொரு கலத்தோடு ஒப்பிட்டுச் சான்று தருகின்றனர். அக்கலத்தை அதனினும் நுட்பமானதோடு. இவ்வாறு ஏறிச் செல்லும் ஏணியின் உச்சி, கெரெத்தாரோ மாநிலத்தில் 1994இல் திறக்கப்பட்ட தேசிய அளவியல் மையத்தில் உள்ளது. மெக்சிகோ மெட்ரிக் முறையை 1857ஆம் ஆண்டிலேயே சட்டமாக ஏற்றது. 1890இல் பன்னாட்டு மீட்டர் உடன்படிக்கையில் இணைந்தது. ஒரு சிற்றூரின் பங்கில் நிற்கும் கலத்திற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டின் முயற்சி நிற்கிறது. வழிப்போக்கர் ஒருவர் தம் வீட்டு வாளியைக் கொண்டுவந்து "குறைகிறது" என்று வாதிட்டால் அது ஏன் எடுபடாது என்பதும் இதனால் விளங்கும்.

மெக்சிகோவின் அதிகாரபூர்வ விதிகளில் 005 என்னும் எண்ணுடையது பெட்ரோல் பம்புகளுக்கு உரியது. அது பலமுறை திருத்தப்பட்டு 2017இல் புதிய வடிவம் பெற்றது. அவ்விதி ஓர் அனுமதியைத் தருகிறது: 20 லிட்டருக்கு 100 மில்லி லிட்டர் வரை கூடலாம், குறையலாம். நூற்றுக்கு அரை பங்கு. எந்த இயந்திரமும் துளி பிசகாமல் இயங்காது என்பதால் இவ்வனுமதி தேவையானது.

இங்கேதான் நான் உங்கள் கவனத்தைச் சற்று நிறுத்த விரும்புகின்றேன். ஓர் உரிமையாளர் தம் எல்லாக் குழாய்களையும் 20 லிட்டருக்கு 90 மில்லி லிட்டர் குறையுமாறு கவனமாகத் திருகி வைத்துவிட்டார் என்று கொள்வோம். ஆய்வாளர் வருகிறார், அளக்கிறார், எல்லாம் அனுமதிக்குள் அடங்கியிருக்கின்றன. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் விற்கும் பங்காயின் 45 லிட்டர் மிச்சம். ஆண்டுக்கு 16,425 லிட்டர். விலையில் சொன்னால் ஏறத்தாழ மூன்று இலட்சத்து தொண்ணூற்று நான்காயிரம் பெசோ. சோதனைக் கலம் அவரைப் பிடிக்காது. ஆனால் அந்த அனுமதி இயந்திரத்தின் இயலாமைக்காகத் தரப்பட்டது. உரிமையாளரின் விருப்பத்திற்காக அன்று. நேர்மையாகச் சீர்செய்யப்பட்ட பம்புகள் சில சற்றுக் கூடவும், சில சற்றுக் குறையவும் இருக்கும். ஒரு பங்கின் எல்லாப் பம்புகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அங்கே தற்செயல் இல்லை. ஒவ்வொரு குழாயையும் தனியே நோக்கித் தேர்ச்சி அளிப்பதோடு நில்லாமல், பங்கு முழுவதின் சாய்வையும் கணக்கில் கொள்வது தேவை என்பது என் தாழ்மையான கருத்து.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயரை இந்த அவை அறியும். அல் முதஃப்பிஃபீன். தமிழில் 'அளவில் மோசடி செய்வோர்' என்று பெயர்க்கிறோம். அந்த அரபுச் சொல்லின் வேரை ஆராய்ந்த மொழியறிஞர்கள் அதில் 'அற்பமான அளவு' என்னும் பொருள் இருப்பதைச் சுட்டுகின்றனர். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரைப் பற்றிய சொல் அன்று அது. விளிம்பிலிருந்து சிறிதளவை வழித்தெடுப்பவரைப் பற்றியது. 90 மில்லி லிட்டரின் கணக்கைப் பார்த்த பிறகு அச்சொல்லின் நுட்பம் எனக்கு முன்னிலும் தெளிவாக விளங்கியது.

பிறிதொரு தொடர்பும் உண்டு, கேட்பதற்குச் சுவையானது. முஸ்லிம் நகரங்களின் சந்தைகளில் எடையையும் அளவையும் சோதிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்ததை நாம் அறிவோம். அந்தலூஸ் எனப்பட்ட ஸ்பெயினிலும் அப்பதவி இருந்தது. மாலகா நகரத்து அஸ்ஸகதீ என்பார் சந்தைக் கண்காணிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வணிகர்களின் தந்திரங்களை அதில் விரித்துரைத்தார். ஆட்சிகள் மாறின. பதவியின் பெயரோ மாறவில்லை. 'அல் முஹ்தஸிப்' என்பது ஸ்பானிய நாவில் 'அல்மொத்தாசென்' ஆயிற்று; எடைக்கல்லையும் படியையும் சரிபார்க்கும் அதிகாரிக்கு அதுவே பெயர். ஸ்பானியர் மெக்சிகோவை ஆண்ட முந்நூறு ஆண்டுகளில் அவர்களோடு கடல் கடந்த அளவைச் சொற்களிலும் அரபு இருந்தது. எடைக்கு வழங்கிய 'அர்ரோபா' என்பது கால் பங்கு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'கின்தால்' என்பது கின்தார். மின்னஞ்சல் முகவரியில் நடுவே வரும் அந்தச் சுழிக் குறியை ஸ்பானிய மொழியினர் இன்றைக்கும் 'அர்ரோபா' என்றே அழைக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

மீண்டும் பங்கிற்கு வருவோம். திருகைப் பற்றி மட்டுமே கவலைப்பட்ட காலம் முடிந்துவிட்டது. இப்போதைய போராட்டம் நிரலோடு. இதை விளக்க மெக்சிகோவின் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1998இல் அங்கே நால்வர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பம்புகளில் சில்லுகளைப் பொருத்தி அளவைக் கூட்டிக் காட்டினர் என்பது குற்றச்சாட்டு. ஆய்வாளர்கள் சென்று சோதித்தபோது முதலில் ஒன்றும் அகப்படவில்லை. காரணம், அங்குள்ள ஆய்வாளர்கள் ஐந்து கேலனும் பத்து கேலனும் பிடித்துச் சோதிப்பது வழக்கம். சரியாக அந்த அளவுகளில் மட்டும் நேர்மையாகக் கொடுக்குமாறு சில்லு எழுதப்பட்டிருந்தது! மற்ற அளவுகளில் திருட்டு. எப்படி வெளிவந்தது தெரியுமா? தங்கள் வண்டியின் தொட்டி கொள்ளும் அளவைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் பிடித்ததாகக் கணக்குக் காட்டப்படுகிறதே என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டனர்.

சோதனை எப்படி நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் சோதனைக்கு மட்டும் நல்லவனாக இருக்க இயந்திரத்துக்கும் கற்பிக்கலாம் என்பதை அவ்வழக்கு உலகுக்குக் காட்டியது. மெக்சிகோவில் 20 லிட்டர் கலம் எல்லோரும் அறிந்த ஒன்று. ஆய்வாளரின் வண்டி உள்ளே நுழைவதைக் கண்டதும் அலுவலக அறையிலிருந்தே திருட்டு நிரலை நிறுத்திவிடும் வழிகளும் இருக்கின்றன. ஆகவேதான் 185 என்னும் எண்ணுடைய வேறொரு விதியை 2012இல் கொண்டுவந்தனர், 2017இல் திருத்தினர். பம்பை இயக்கும் கணினி நிரல்களுக்கும் மின்னணுப் பலகைகளுக்கும் உரிய விதி அது. ஒப்புதல் பெற்ற நிரல்தான் உள்ளே இருக்கிறதா, யார் எப்போது உள்ளே புகுந்து எதை மாற்றினர் என்ற பதிவு அழியாமல் இருக்கிறதா என்பன சோதனையின் பகுதிகளாயின. கலம் ஏந்திய ஆய்வாளரோடு மடிக்கணினி ஏந்திய ஆய்வாளரும் செல்ல வேண்டிய காலம் வந்தது.

இத்தனைக்கும் பிறகு, ஆய்வாளரை உள்ளே விடவே மாட்டேன் என்று ஒருவர் மறுத்துவிட்டால்? இது கற்பனை அன்று. மறுத்தவர்கள் இருந்தனர். நாடு முழுவதும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் உள்ள ஒரு தேசத்தில் ஆய்வாளர்களின் எண்ணிக்கையோ சிறிது. அபராதம் விதித்தாலும் வழக்கு மன்றங்களில் ஆண்டுகள் கழியும். 2019 முதல் அந்நாட்டு அரசு வேறொரு வழியைக் கையாண்டது. அதிபர் லோப்பஸ் ஒப்ரதோர் நாள்தோறும் காலையில் செய்தியாளரைச் சந்திப்பது வழக்கமாக இருந்தது. திங்கட்கிழமைதோறும் அக்கூட்டத்தில் புரோஃபெகோவின் அப்போதைய தலைவர் ரிக்கார்தோ ஷெஃபீல்டு அவர்கள் எழுந்து நின்று, எந்தப் பங்கில் விலை அதிகம், எங்கே குறைவு, எங்கே குழாய்கள் முடக்கப்பட்டன, எந்தப் பங்கு சோதனைக்கு மறுத்தது என்று பெயர் சொல்லிப் படித்தார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 'லிட்டருக்கு லிட்டர்' என்று பொருள்படும் கைப்பேசிச் செயலியும் வெளியிடப்பட்டது. அதில் பங்குகளின் விலையை ஒப்பிடலாம், முறையீடும் செய்யலாம்.

இம்முறையை எல்லோரும் வரவேற்றனர் என்று சொல்ல மாட்டேன். அதிபரின் மேடையிலிருந்து ஒரு வணிகரின் பெயரைச் சொல்வது முறையான விசாரணைக்கு ஈடாகுமா என்ற ஐயம் நியாயமானதே. அடுத்த வாரம் அவர் குற்றமற்றவர் என்று தெரியவந்தால் போன மானம் திரும்புமா? அதிக விலை வைத்தவரையும் அளவில் திருடியவரையும் ஒரே மூச்சில் படிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. முன்னவர் பலகையில் எழுதி விற்கிறார். பிடிக்காவிட்டால் நாம் அடுத்த பங்கிற்குப் போகலாம். பின்னவர் செய்வது களவு. ஆயினும் சோதனையையே மறுத்தவரின் பெயரைச் சொன்னதில் தவறு காண என்னால் இயலவில்லை. சரியான படியை வைத்திருப்பவர், அளந்து பார் என்றுதானே சொல்லுவார்?

குறைத்து அளப்பவருக்கு, அவர் எண்ணிப் பாராத ஓர் இடர்ப்பாடும் இருக்கிறது. பத்தாயிரம் லிட்டர் வாங்கித் தொட்டியில் நிரப்பியவர், அளவில் ஐந்து விழுக்காடு குறைத்துக் கொடுத்தால், பத்தாயிரம் லிட்டரும் தீரும்போது அவருடைய மீட்டர்கள் ஏறத்தாழ 10,500 லிட்டர் விற்றதாகக் காட்டும். வாங்கியதைவிட விற்றது மிகுதி! அந்த 500 லிட்டர் எங்கிருந்து வந்தது? மெக்சிகோவின் வரிச்சட்டம் ஒவ்வொரு பங்கும் வாங்கிய அளவு, தொட்டியில் இருக்கும் அளவு, விற்ற அளவு ஆகியவற்றைக் கருவிகளால் பதிந்து வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எண்ணெய்க் குழாய்களைத் துளைத்துத் திருடிய பெட்ரோலை வாங்கி விற்கும் பங்கின் கணக்கிலும் இதே தடம்தான் விழும்: ஆவணத்தில் வாங்கியது குறைவு, விற்றது அதிகம். குழாய்த் திருட்டு அந்நாட்டில் சிறிய குற்றம் அன்று. 2019 ஜனவரி 18ஆம் நாள் இதால்கோ மாநிலத்தின் த்லாவெலில்பான் என்னும் ஊரில், துளைக்கப்பட்ட குழாயிலிருந்து பீறிட்ட பெட்ரோலை அள்ளக் கூடிய மக்களின் நடுவே தீப்பற்றி 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். லிட்டரைக் குறைப்பவரும் திருட்டுப் பெட்ரோலை விற்பவரும் தத்தம் வழியில் செல்வதாக எண்ணலாம். கணக்கேட்டில் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர். கலத்தை ஏமாற்றும் நிரலை எழுதியவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலையும் பொய்யாக்க வேண்டியிருக்கிறது. ஒரு பொய்யைக் காக்க எத்தனை பொய்கள்!

வாங்குபவர் தாமே என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். மீட்டர் பூச்சியத்தில் இருப்பதை இறங்கி நின்று பார்ப்பது, ரசீதைக் கேட்டு வாங்குவது, பெசோ கணக்கில் கேட்டாலும் எத்தனை லிட்டர் என்று விலையால் வகுத்துப் பார்ப்பது ஆகியவை அவர் கையில் உள்ளன. ஆனால் இவை கணக்கைச் சரிபார்க்குமே அன்றி அளவைச் சரிபார்க்காது. வண்டியின் எரிபொருள் முள்ளை நம்பி வழக்காட முடியாது, அது தோராயமானது. 45 லிட்டர் தொட்டியில் 47 லிட்டர் ஏறியது என்பதும் சான்றாகாது. கழுத்துப் பகுதியிலும் ஆவிக்காக விடப்பட்ட இடத்திலும் அவ்வளவு கொள்ளும். 55 லிட்டர் ஏறியதாகக் காட்டினால், ஆம், அப்போது உடனே முறையிட வேண்டும்.

அதிகாலையில் வாங்கினால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை உலகின் பல பகுதிகளிலும் உலவுகிறது. அதன் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஒரு பாகை வெப்பத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரிவது மெய்யே; பத்துப் பாகை மாறினால் 20 லிட்டரில் சுமார் 200 மில்லி லிட்டர். அனுமதிக்கப்பட்ட பிழையைப்போல் இரு மடங்கு! ஆயினும் பெட்ரோல் நிலத்தடியில் கிடக்கிறது. அங்கே காலைக்கும் நண்பகலுக்கும் வெப்பம் அவ்வளவாக மாறுவதில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போவதால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

'எண்ணூறு கிராம் கிலோ' என்று மெக்சிகோ மக்கள் சந்தையைப் பற்றிக் கேலியாகச் சொல்வார்கள். அவர்கள் அரசிடம் கேட்பதும் அதே நடையில்தான்: 'லிட்டராகவே இருக்கும் லிட்டர்' வேண்டும் என்பார்கள். அரை விழுக்காட்டு அனுமதியும் ஒப்புதல் பெற்ற நிரலும் அழியாப் பதிவும் அந்தக் கோரிக்கைக்கு அந்நாடு இதுவரை தேடிய விடைகள்.

சோதனை முடிந்ததும் கலத்தில் இருக்கும் 20 லிட்டரை ஆய்வாளர்கள் கொண்டுபோவதில்லை. பங்கின் தொட்டியிலேயே திரும்ப ஊற்றிவிடுகின்றனர். பிறகு கலத்தை வடியவிட்டு, கழுத்தின் சாளரத்தைத் துடைத்து, அடுத்த குழாய்க்குச் செல்கின்றனர்.